வடக்குச் சுவர் விட்ட ஏலம்

1987ஆம் ஆண்டு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருந்த சூசையப்பர் கோவிலின் வடக்குச் சுவர் ஏலம் விட்டது. சாமியார் நற்கருணையை உயர்த்தி, ஜனம் முழங்காலில் இருந்த நேரம். "ஒரு தரம்" என்றது சுவர். குரல் சந்தியாகுவுடையது. தேங்காய் மண்டியில் இருபது வருஷமாக ஏலம் கூறிய குரல், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சந்தியாகு மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருந்தார். அவர் கழுத்தில் வேர்வை வழிந்ததைப் பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

முந்தின வாரம் நடந்தது இதுதான். கோவில் கூரை ஒழுகியது. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், பூசணிக்காய், வாழைத்தாரையெல்லாம் வருஷாவருஷம் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் மழை விடவில்லை. "உள்ளேயே வச்சுக்குவோம்" என்றார் சாமியார். உபதேசியார் அடைக்கலம், "வேண்டாஞ் சாமி. நற்கருணை இருக்க எடம். மழை விட்ட பொறவு விப்போம்" என்று கெஞ்சினார். "கோவிலுக்குத்தான விக்கோம், நமக்கா?" என்று சிரித்தபடி சந்தியாகு பீடத்துப் படியில் ஏறி நின்றார். சேவல் நல்ல விலைக்குப் போனது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சுவர் மூன்று தரமும் சொல்லி முடித்தது. ஜனம் நிமிர்ந்து பார்த்தபோது சூசையப்பர் சுரூபத்தின் கையிலிருந்த குழந்தை இயேசு இல்லை. உடைந்த தடமில்லை, கீழே ஒரு துணுக்குகூடக் கிடக்கவில்லை. வளைந்த கை மட்டும் இருந்தது. வாங்கியது யார் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதன்பின் கைக்குழந்தைக்காரிகள் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஞானஸ்நானங்களெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயின.

சந்தியாகுவின் தங்கை செல்லக்கனி மட்டும் போகவில்லை. பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தவள். நாலு கரு கலைந்த பிறகு அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. "இங்கதான் நேந்துக்கிட்டேன். பயமாத்தான் இருக்கு. அதுக்காக வேற எங்க போக?" என்றாள். ஞானத்தகப்பனாகத் தாய்மாமன் சந்தியாகுவே பிள்ளையை ஏந்தி நின்றார்.

சாமியார் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"ஒரு தரம்."

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

"ரெண்டு தரம்."

சந்தியாகுவின் கையில் பிள்ளையின் கனம் குறையத் தொடங்கியது. துண்டுக்குள் பஞ்சு இருப்பதுபோல ஆனது. "நிறுத்து! நான் மேல கேக்கேன்!" என்று அலறினார்.

"எம்புட்டுக்கு?" என்றது சுவர், அவர் குரலிலேயே.

சந்தியாகு வாயைத் திறந்தார். எந்தத் தொகையைச் சொன்னாலும் பிள்ளைக்கு விலை வைத்ததாகிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, வெல சொல்லாத" என்றாள் செல்லக்கனி. வடக்கே நடந்து போய், சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இது விக்கிறதுக்கு இல்ல" என்றாள். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் தரம் வரவில்லை. துண்டுக்குள் பிள்ளை கனத்தது. தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதது.

சந்தியாகு ஏலம் கூறுவதை விட்டு, அதே மண்டியில் எடை போடும் வேலைக்கு மாறினார். ஜனங்கள் வீட்டுக்கு இத்தனை ஓடு என்று தாங்களே சுமந்து வந்து நாலு வருஷத்தில் கூரையை மாற்றினார்கள். முறுக்கு விற்பதென்றாலும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் விற்றார்கள். ஞானஸ்நானமோ கல்யாணமோ சாவுப் பூசையோ, தொடங்கும் முன் எல்லோரும் வடக்கே திரும்பிச் செல்லக்கனியின் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்கள்.

1996இல் வந்த புதுச் சாமியார் அதை மூடநம்பிக்கை என்று தடுத்துவிட்டு ஒரு கல்யாணத்தை நடத்தினார். மோதிரத்தை மந்திரிக்கும்போது "ஒரு தரம்" என்று கேட்டது. புத்தகத்தை வைத்துவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பும் முன்னால் அவரே வடக்கே திரும்பி அதைச் சொன்னார். மறுநாள் பூசைப் புத்தகத்தின் ஓரத்தில் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அதன்மேலேயே பேனாவால் எழுதினார்.