மடங்காத மூட்டு

சும்மா சொல்லக்கூடாது, கண்ணாயி புருஷனைப் பார்த்துக்கொண்ட மாதிரி மலைமேல் திருப்புலி நாட்டில் வேறு எவளும் பார்த்திருக்க மாட்டாள். நாமக்கல்லில் மூட்டு மாற்றிக் கூட்டிவந்த நாளிலிருந்து காளியண்ணனின் கால் தரையில் படவில்லை. தன் அண்ணன் சின்னுசாமி வீட்டுக் கட்டிலை இரவல் வாங்கிப் போட்டாள். வெந்நீர், கஞ்சி எல்லாம் கட்டிலுக்கே வந்தன. ஆஸ்பத்திரியில் நடை பழகக் கொடுத்த வாக்கரில் துணி காயப்போட்டாள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, கால் அசையாமல் காவல் காத்தாள்.

காளியண்ணன் மிளகு பறிக்கிறவர். ஒற்றை மூங்கிலை மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாய்த்து, அதன் கணுக் குச்சிகளில் கால் வைத்து ஏறுவார். மேலே போனதும் முட்டியை மடக்கி மரத்தோடு அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பறிப்பார். அந்த முட்டிதான் தேய்ந்துபோனது. தை மாதம் மறுபடி மரமேற வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காகத்தான் பயத்தை விழுங்கிக்கொண்டு கத்திக்குச் சம்மதித்தார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த யமுனா என்ற பெண் கண்ணாயியிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "தெனமும் குதிகால இழுத்து மடக்கணுங்கம்மா. ஐயா கத்துனாலும் உட்டுறாதீங்க. இப்ப உட்டா அப்படியே இறுகிப் போயிரும்." கண்ணாயி தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் முதல் முறை மடக்கியபோது அவர் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"இந்தப் பாவம் வேண்டாஞ்சாமி. புண்ணு ஆறட்டும், பொறவு மடக்கிக்கலாம்" என்று காலை நீட்டிவிட்டாள்.

மலையில் அரிவாள் பட்ட காலை யாராவது அசைக்க விடுவார்களா? புண் மூடும்வரை நீட்டிப் போட்டு வைப்பதுதான் வழக்கம். டாக்டர் கத்தி பட்ட காலும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் திரும்பக் காட்ட வரச் சொன்னபோதும், மலைப்பாதையின் அத்தனை வளைவில் இந்தக் கால் பஸ்ஸைத் தாங்காது என்று தடுத்துவிட்டாள். காளியண்ணனும் சரி என்றார். வலியில் கிடப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

புண் அழகாக ஆறியது. பழைய வலியும் போயிற்று. கால் மட்டும் மடங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் இருவரும் நாமக்கல் போனார்கள். டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "வலி இருக்கா?" என்றார்.

"இல்லீங்க."

"பயிற்சி செஞ்சீங்களா?"

கண்ணாயிதான் சொன்னாள். "நோவுதுன்னு நாந்தானுங்க வேண்டாம்னுட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. உள்ளே இறுகிவிட்டது, இனி மயக்கம் கொடுத்து மடக்கினாலும் பெரிதாகப் பலன் இருக்காது, நடக்கலாம், மரமேற முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் காளியண்ணன் ஏதாவது சொல்வார் என்று கண்ணாயி வழிநெடுகக் காத்திருந்தாள். அவர் காலை நீட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

தை பிறந்தது. அவர்கள் காட்டு மரத்தில் சின்னுசாமி ஏறினார். கீழே பெண்கள் குந்தி உட்கார்ந்து மிளகு உதிர்த்தார்கள். குந்தவும் முடியாத காளியண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார்.

"ஏனுங்க மாமா, ஆபரேசன் பண்ணியும் காலு மடங்க மாட்டேங்குதே, ஏன்?" என்று கேட்டாள் பக்கத்துக் காட்டு கோகிலவாணி.

கண்ணாயி உதிர்த்துக்கொண்டிருந்த கொத்தைக் கீழே வைத்தாள்.

"மட்டமான இரும்ப வெச்சுட்டானுக" என்றார் அவர்.

பெண்கள் ஆளுக்கொரு வார்த்தை டாக்டரைத் திட்டித் தீர்த்தார்கள். கண்ணாயி தலையைத் தூக்கவே இல்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகுதான் கிட்டே போய்க் கேட்டாள்.

"அவங்க மேல ஏனுங்க இல்லாத பழியப் போட்டீங்க?"

"பொறவு? எம் பொண்டாட்டிதான் என்னைய மொடமாக்கிட்டான்னு ஊரக் கூட்டிச் சொல்லட்டுமா?"

குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த வார்த்தையை அவர் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பழகிவிட்டார் என்று கண்ணாயிக்கு அப்போதுதான் தெரிந்தது.