செங்கல் முற்றம்

தோட்டம் அமைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தவள், சொந்த நாத்தனார் வீட்டு வேலைக்கு மட்டும் தயங்கினாள். நாத்தனாரே வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியதில் மிஞ்சிய செங்கற்கள் பின்புறம் குவிந்து கிடந்தன. அவற்றை மணல்மேல் இடைவெளி விட்டுப் பதித்து ஒரு முற்றம். பழைய உத்தரங்களை இழைத்து நாவல் மரத்தடியில் வளைவாக ஒரு பெஞ்சு. துணி துவைத்த தண்ணீர் வடிந்து போய்ச் சேர கல்வாழைப் பாத்தி. வரைபடத்தைப் பார்த்து நாத்தனார் பூரித்துப் போனாள். அவள் கணவருக்கோ முகம் சுண்டிவிட்டது.

"இடிச்ச கல்லையா திரும்பப் போடுவாங்க? பாக்கறவன் சிரிப்பான். முழுசா கான்கிரீட் போட்டு, மேல பிளாஸ்டிக் புல்லு விரிச்சா பளிச்சுனு இருக்கும்."

மரம் பட்டுவிடும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று தோட்டம் போட வந்தவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் கான்கிரீட் லாரியை வரவழைத்துவிட்டார்.

தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டதும் தோட்டக்காரி தன் வேனைக் கொண்டுபோய் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வண்டிய எடும்மா."

"எடுக்க மாட்டேண்ணா."

"இது என் வீடு!"

"அக்கா வரச் சொல்லித்தான் வந்தேன். அவங்க போகச் சொன்னா இந்த நிமிஷமே போறேன். நீங்க சொன்னா போக மாட்டேன்."

லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். "சார், கலவை இறுகிடும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷமாகக் கணவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே பழகியவள் அவள். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியோடு படியில் நின்றவள் அதைக் கீழே வைத்தாள்.

"லாரியத் திருப்பச் சொல்லுங்க."

"என்னடி சொன்ன?"

"கேட்டுச்சுல்ல? எங்கம்மா கொடுத்த இடம் இது. வீட்டுக்குக் கலர் கூட என்னைக் கேக்காமத்தான் அடிச்சீங்க, பேசாம இருந்தேன். இந்த மண்ணுமேல கை வைக்க விட மாட்டேன்."

லாரி போய்விட்டது. அவர் ஒரு மாதம் இரண்டு பெண்களிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் அதற்காக வேலையை நிறுத்தவுமில்லை. நாத்தனாரே முட்டி போட்டு உட்கார்ந்து செங்கல் பதித்தாள். நகமெல்லாம் மண்.

புது வீட்டைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்த அன்று, ஹாலில் வாங்கிப் போட்ட புது சோபாவில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அத்தனை பேரும் மரத்தடியில்.

"யாரு போட்ட டிசைன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நானும் என் தம்பி பொண்டாட்டியும்" என்றாள் நாத்தனார், சத்தமாக.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "எனக்கு டீ?"

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கு. வந்து குடிங்க."