காப்புக் கட்டிய ஆகாயக் கப்பல்

கொரோனாவுக்குப் பிறகு மாரியம்மன் நோம்பி மறுபடியும் நடந்த வருஷம், கம்பம் நடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கொச்சியிலிருந்து சந்திரனுக்குப் போகிற ஆகாயக் கப்பல் ஒன்று மலையாளத்து எல்லையோரம் பெருமாட்டியில் ஆறுமுகசாமியின் தென்னந்தோப்புக்கு மேலே வந்து நின்றது. அந்த மாசியில் காற்று கொஞ்சம் அதிகம். கணவாய் வழியாக வரும் காற்று வாழையைச் சாய்க்கும், கூரைத் தகரத்தைப் பிடுங்கும். ஒரு சரித்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த கப்பலை இன்னொரு சரித்திரத்துக்குள் தள்ளிவிட்டது அதுதான் முதல் தடவை. சுரைக்காயை நீளமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்த அதன் வயிற்றில், கொச்சி – பள்ளிவாசல் – பெருமாட்டி – சந்திரன் என்று ஒரு போர்டு தொங்கியது. காக்கி போட்ட கண்டக்டர் எட்டிப் பார்த்து, கப்பலைக் கட்டுகிற தூணைத் தேடினார். அப்படி ஒன்று பெருமாட்டியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கள் இறக்கிக்கொண்டிருந்த தனபால்தான் கயிற்றை வாங்கி ஒரு தென்னையின் அடியில் கட்டினான்.

கண்டக்டர் பெயர் பெரியமுத்து, பள்ளிவாசல் எஸ்டேட்காரர். அவர் சொன்னதிலிருந்து ஊருக்கு விவரம் புரிந்தது. அவர்களுடைய சரித்திரத்தில் சக்கரம் வைத்த விமானத்தை யாரும் நம்பவில்லை. ராஜா காலத்திலேயே ரோடு போடுகிற செலவில் ஊருக்கு ஒரு தூண் நட்டு, கப்பல் விட்டுவிட்டார்கள். பிறகு பள்ளிவாசல் மலைத் தண்ணீரில் எடுத்த கரண்டின் தயவில் சர்வீஸ் சந்திரன் வரைக்கும் நீண்டது. சந்திரனில் தேயிலை வருமா என்று ஆறுமுகசாமி கேட்டார். "ஏலம் வருதுய்யா. தேயில வரல, பனி பத்தாது" என்றார் பெரியமுத்து. பஞ்சாயத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். நிலத்தைத் தொடாத பொருளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காப்பு. கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடிகிற வரை அந்த ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கல்யாணமோ சாவோ, போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். காப்பை அவிழ்ப்பதும் கட்டிய கைதான் செய்ய வேண்டும். ஆறுமுகசாமியின் மனைவி கமலாத்தாள் மஞ்சள் கயிறு வைத்த தட்டோடு வருஷா வருஷம் போகிற வழியில் போனாள். மாடுகளுக்குக் கட்டினாள், மோட்டார் ரூமுக்கு, டிராக்டருக்குக் கட்டினாள். அப்படியே தோப்புக்கு வந்து, தன் நிலத்தில் நிற்கிற ஒன்றை விட்டுவிடுவானேன் என்று கப்பல் கயிற்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். யோசித்துச் செய்ததல்ல, கைப்பழக்கம். அந்த முடிச்சோடு கப்பல் பெருமாட்டியில் சேர்ந்துவிட்டது. எஞ்சின் போட்டால் எல்லைக்கல் வரைக்கும் கயிறு நீண்டது. பிறகு கப்பல் கட்டுத்தறி மாடு போலத் திரும்பி வந்தது.

முடிச்சுப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோதுதான் ஓட்டுகிறவர் ஜன்னல் திறந்தது. தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, நம்ம தோப்புத் தூண எங்கீங்க காணோம்?" என்று கேட்டாள். கமலாத்தாள் தட்டைக் கீழே போட்டாள். புருவத்துக்கு மேல் இருந்த அந்தத் தழும்பு, திருகைக்கல்லில் விழுந்து வந்தது. அவளுடைய ஒரே மகள் தமிழ்ப்ரியா ஆறு வயதில் காய்ச்சல் கண்டு செத்துப்போனவள். அன்றைக்கு ஹர்த்தால், பஸ் இல்லை, ஜீப்காரர்கள் பயந்தார்கள். சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தார்கள். பாதி வழியில் தோள் குளிர்ந்துபோனது. ஜன்னலில் இருந்தவளும் அந்த ஹர்த்தாலை மறக்கவில்லை. "அன்னைக்குக் கப்பல் மட்டுந்தானுங்களே ஓடுச்சு. நீங்கதான் என்னையத் தூக்கிட்டு ஏறுனீங்க. அன்னைக்கே நெனச்சனுங்க, பெருசானா இதத்தான் ஓட்டோணும்னு" என்றாள். கமலாத்தாள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மாட்டுக்கொட்டாய்க்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் முழுக்கத் தோப்பில் கூடியது. அவரவர் வீட்டில் செத்தவர்களை ஜன்னல் ஜன்னலாகத் தேடினார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. கமலாத்தாளுக்குக் கிடைத்ததும் பாதிதான். ஒரு பயணி இறங்கிப் பார்த்தார். தரையில் வைத்த கால் முழங்கால் வரை இல்லாமல் போனது, தூக்கியதும் வந்துவிட்டது. சாமான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்களுக்குத்தான். அதனால் மகள் மேலேயே இருந்தாள். சோறு வாளியில் போயிற்று. கமலாத்தாள் ஏணி வைத்துப் பாதி உயரம் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இருவரும் விடாமல் பேசுவார்கள். நோம்பி நாட்களில் அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள், கல்யாணத்தின்போது கூட இப்படிச் சிரிக்கவில்லை என்றார்கள்.

மஞ்சள் நீராட்டு வந்தது. ஊர் காப்பை அவிழ்த்துக் கிணற்றில் போட்டது. கமலாத்தாள் மாட்டுக்கு அவிழ்த்தாள், டிராக்டருக்கு அவிழ்த்தாள், கப்பல் கயிற்றின் பக்கம் போகவே இல்லை. "அவுத்து உட்ரு கமலா. பாவம்" என்றார் ஆறுமுகசாமி. "ஒருக்காத் தூக்கிக் குடுத்தனுங்க. மறுக்காக் குடுக்கச் சொன்னா நானென்ன கல்லா?" என்றாள். அவருக்கும் ஆசைதான், தினம் காலையில் தோப்பைப் பார்க்கிற சாக்கில் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார்.

பங்குனி போய், சித்திரை வந்தது. கப்பலில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள், உடம்பில் ஒட்டவில்லை. முதலில் நிழல் போயிற்று. பிறகு தமிழ்ப்ரியாவின் கன்னத்தின் வழியாகப் பின்னால் இருந்த தென்னை மட்டை தெரிய ஆரம்பித்தது. அவள் கோபப்படவில்லை, யாரிடம் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கப்பலில் கரண்ட் குறைந்ததும், அங்கிருந்து வீட்டோடு பேசுகிற இரண்டு ரேடியோக்களில் ஒன்றைத் தனபால் இறக்கிக் கொண்டுவந்து கமலாத்தாளின் சமையல்கட்டில் சார்ஜுக்குப் போட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ரேடியோ பேசியது. "கண்ணு... எங்க சாமி இருக்கற? சோறெடுத்து வெச்சிருக்கறேன்." புளி கரைத்துக்கொண்டிருந்த கமலாத்தாளின் கை நின்றது. அது அவள் குரல். பிள்ளையைப் புதைத்த வருஷம் முழுக்க விளக்கு வைத்ததும் வாசலில் நின்று கூப்பிட்டாளே, அதே தொண்டை, அதே கம்மல். மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு மறுநாள் கொஞ்சம் மெல்லக் கூப்பிட்டது. அந்தக் கூப்பாடு எப்படி முடியும் என்று உலகத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் கடைசியில் சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். கமலாத்தாள் பட்டனை அழுத்தி, "அனுப்பி வெச்சர்றனுங்க" என்றாள். அந்தச் சரித்திரத்துத் தாய், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

விடிந்ததும் வெல்லமும் அரிசி மாவும் பிசைந்து கச்சாயம் சுட்டு ஒரு டப்பாவில் போட்டு, ஏணியில் எடுத்துக்கொண்டு போனாள். "உங்கம்மாளுக்குக் குடு கண்ணு" என்றாள். ஜன்னலில் இருந்தவள் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இவள் தன் தாய் இல்லை என்று எப்போது புரிந்துகொண்டாள் என்பது தெரியாது; முதல் வாரத்திலேயே புரிந்திருக்கும் என்று தனபால் சொல்வான். "ஆரு சுட்டதுன்னு கேட்டா என்னங்கம்மா சொல்றது?" என்றாள். "கேக்க மாட்டா. அவ கைப்பக்குவந்தான்." "நான் போயிட்டா நீங்க?" "உங்கப்பன் இருக்கறாரு, மாடு இருக்குது, போ சாமி." முடிச்சு வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது, நகம் ஒடிய, பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஆறுமுகசாமி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியமுத்து விசில் அடித்ததும் கப்பல் எழும்பி, எல்லைக்கல்லைத் தாண்டியதும் இல்லாமல் போனது. காப்புக் கயிற்றைக் கமலாத்தாள் பால் ஊற்றிக் கிணற்றில் விட்டாள்.

அவசரத்தில் ரேடியோவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அது இன்னும் சமையல்கட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு வைத்தால் அந்தச் சரித்திரத்து வீட்டுச் சத்தம் கேட்கும். தட்டு வைக்கிற சத்தம், மகள் பூட்ஸைக் கழற்றி எறிகிற சத்தம், எத்தனை தடவை சொல்வது என்று தாய் திட்டுகிற சத்தம். அங்கே என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டு கமலாத்தாளும் அதையே வைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், வேறு ஒன்றும் கேட்பதில்லை. ஹர்த்தால் நாட்களில் ஆறுமுகசாமி தோப்புக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பார். அன்றைக்கு ரோட்டில் வண்டி ஓடாது. மகள் சாப்பிடுவது நன்றாகக் கேட்கும்.