செகண்ட்ஸில் வாங்கிய குரல்

ஆசைகள் கடையில் விற்பனைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, 1994இல், கோட்டைமேட்டு சாயிரா பானு தன் மகளுக்காக ஒன்று வாங்கினாள். நிலோஃபருக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை.

கம்பெனி ஆசைகள் கிராஸ்கட் ரோட்டுப் பெரிய கடைகளில் இருந்தன. லேத் பட்டறைக்குப் போகும் அவள் கணவன் அப்துல் நாசருக்கு அவற்றின் விலை எட்டாது. அதனால் உக்கடத்துச் சந்தில் கம்பெனி கழித்த செகண்ட்ஸ் பனியன்களோடு செகண்ட்ஸ் ஆசைகளும் விற்ற ராசப்பனிடம் போனாள்.

"மூடியத் தொறந்து, வேணுங்கறதச் சொல்லுங்க அம்மணி. அவ்வளவுதான்" என்று ஒரு சின்னச் சீசாவை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் திறந்தாள். "எம் மக பேசணும்."

மறுநாள் காலை அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால், "அம்மா, பசிக்குது" என்று கேட்டது. சந்தோஷத்தில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அது குழந்தைக் குரல் இல்லை. தினமும் வாசலில் "பாலுங்கோ" என்று கூப்பிடும் பங்காரம்மாவின் கரகரத்த குரல்.

அன்று பங்காரம்மா கூப்பிடவில்லை, கதவைத் தட்டினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கண் கலங்கியிருந்தது. உள்ளே நிலோஃபர் சிரித்தாள். தன் சிரிப்பைக் கேட்ட பங்காரம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். சாயிரா கதவை ஒருக்களித்துக்கொண்டாள்.

பால் பொங்குவதைக்கூடப் பாராமல் உக்கடத்துக்கு ஓடினாள்.

"புதுசுன்னா கம்பெனில செய்யறதுங்க" என்றார் ராசப்பன். "செகண்ட்ஸ் இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்துத்தான் குடுக்கும்."

"முன்னாடியே ஏனுங்க சொல்லல?"

"சொன்னா வாங்கீருப்பீங்களா?"

"திருப்பிக் குடுக்கணும்."

"யாருக்குப் பலிச்சுதோ அவங்களே 'எனக்கு வேண்டாம்'னு சொல்லோணுங்க. நீங்க சொன்னாச் செல்லாது."

இரண்டு நாள் சாயிராவுக்கு மனசு வரவில்லை. மகள் "அம்மா" என்கிறாளே. மூன்றாம் நாள் நாசர் பொறுக்காமல் பங்காரம்மாவை உள்ளே அழைத்து உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்ட முடியவில்லை.

"கண்ணு, இது இவங்க குரல். வேண்டாம்னு சொல்லிரு" என்றாள் சாயிரா.

நிலோஃபர் பங்காரம்மாவை நெடுநேரம் பார்த்தாள்.

"தர மாட்டேன்."

தன் குரலே தன்னை மறுப்பதைக் கேட்டு, பங்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் பின்வாங்கினாள். நாசர் கையை ஓங்கினான்.

"அடிச்சா இந்தக் குரல்ல கத்துவேன் அத்தா. தெருவே வரும்" என்றாள் குழந்தை அமைதியாக.

அவன் கை தானாக இறங்கியது.

பங்காரம்மா பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, சாயிரா தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது நிலோஃபர் கேட்டாள்:

"இன்னொரு சீசா வாங்கலாம்மா."

"எதுக்கு?"

"பக்கத்து ஊட்டு யுஸ்ராவுக்கு முடி எவ்வளவு நீளம் பாரு."

சாயிரா சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போனாள். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த யுஸ்ராவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவள் அம்மாவிடம் விட்டு, "கதவச் சாத்திக்குங்க" என்றாள். ஏன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.