கீழ்ப்பக்கம் யாருடைய முறை

காலையில் எழுந்ததும் அண்ணனால் கையை மூட முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கிக் கிடந்தன. மடக்கினால் உயிர் போனது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்ட முடியாமல் பனியனை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான்.

அண்ணனும் தம்பியும் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவர்கள். படியேறும்போது மேலே பிடிப்பவன் வழி சொல்வான்; கீழே பிடிப்பவன்தான் பாரம் சுமப்பான். அதனால் ஆளுக்கொரு முறை. ஒரு மாதமாக அண்ணன் தன் கீழ்ப்பக்க முறை வரும்போதெல்லாம் மேலே போய் நின்றுகொண்டான்.

"கை வலியாம்! சோத்துத் தட்டக் கண்டா மட்டும் நல்லா மூடுது," என்றான் தம்பி. "இன்னிக்கும் ஏமாத்தினா, நாளையிலேருந்து நான் மொட்டையோட சோடி சேர்ந்துக்கறேன்ணே."

மொட்டை பக்கத்து வண்டியில் தூக்குகிறவன். சோடி இல்லாதவனை எந்த வண்டியும் ஏற்றாது. அண்ணன் அன்று மாடிக்கு ஏற்ற வேண்டிய பிரிட்ஜின் கீழ்ப்பக்கம் போனான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. பிரிட்ஜ் சரிந்து அவனைச் சுவரோடு சாத்தியது. அவன் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

"என்னண்ணே, பொண்ணு பிடிச்சுப்போச்சா?" என்று குனிந்த தம்பி, அந்த விரல்களைப் பார்த்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

சாயங்காலம், இருவருக்கும் நடுவில் பிறந்து சலவைக் கடையில் இஸ்திரி போடும் தங்கை இருவரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"முடக்குவாதம் மாதிரி தெரியுது," என்றார் டாக்டரம்மா. "குடும்பத்துல யாருக்காவது இது உண்டா? இல்ல தைராய்டு, தோல்ல வெள்ளைத் திட்டு?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க. எல்லாம் கல்லு மாதிரி," என்றான் அண்ணன்.

அவன் பொய் சொல்லவில்லை. தங்கையின் தைராய்டு இஸ்திரிப் பெட்டிச் சூட்டால் வந்தது. தம்பி கையிலிருக்கும் வெள்ளை, அட்டைப்பெட்டி ஒட்டும் பசையால் வந்தது. தன் விரலைக் கெடுத்தது பீரோ. அவரவர் வேலை கொடுத்ததை நோய்க்கணக்கில் சேர்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

தம்பி கையை மேசைமேல் வைத்தான். "ஒருத்தருக்கும் இல்லாதது இதுதாங்க."

"நான் தினமும் முழுங்கறது தைராய்டு மாத்திரைங்க," என்றாள் தங்கை.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு நோயும் பங்காளிங்கய்யா. உடம்பைக் காக்க வேண்டிய காவல், ஆள் தெரியாம வீட்டாளையே அடிக்குது. உங்களுக்கு மூட்டுல, இவங்களுக்குக் கழுத்துல, இவருக்குத் தோல்ல. அதுக்கு வழி விடற மரபணு சிலது மூணுக்கும் பொது. அப்பா அம்மாகிட்டேருந்து வந்திருக்கும். இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு கூடும். ரத்தம் பாத்துட்டு மருந்து தர்றேன். கை மூடும், கொஞ்ச நாளாகும்."

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள்: "அப்பா சொத்தே வெக்கலன்னு திட்டிட்டிருந்தோம். மனுஷன் சமமாப் பிரிச்சுட்டுத்தான் போயிருக்காரு."

"சமமா? எனக்கு மட்டும் ஊரே பாக்கற எடத்துலக்கா!"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே மெல்லக் கேட்டான். "மொட்டைகிட்ட சொல்லிட்டியாடா?"

"அவன் எதுக்கு? நம்ம சொத்துல அவனுக்குப் பங்கே இல்ல. கை மூடற வரைக்கும் நீ மேலயே பிடி. ஆனா உன் முறையெல்லாம் கணக்குல நிக்கும், அப்புறம் விட மாட்டேன்."

மருந்து பிடித்து இப்போது பொத்தான் வரைக்கும் போட முடிகிறது. அண்ணனுக்காகத் தம்பி சுமந்த கீழ்ப்பக்கம் அத்தனையும் இன்னும் பாக்கி.