இரண்டாவது தட்டல்

1
இந்தக் கதை என்னுடையதில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுக்க வந்த பிளம்பர் பாதி சொன்னார். மீதி என்ன என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "தண்ணி வருது, பாருங்க சார்."

2
முதல் தொடக்கம்: "மருத்துவமனையின் அடித்தளம் இருண்டு—" வேண்டாம். மூன்று டியூப்லைட் எரிந்தனவாம்.

இரண்டாவது: உடைந்த குழாயை மாற்றியாயிற்று. உள்ளே முழுக்கக் காற்று. கீழே வால்வில் பிளம்பர். ஐந்து மாடிக்கு மேலே, மொட்டைமாடியில், காற்றுத் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கீழே கால் சுற்று திறந்தால் தண்ணீர் மெல்ல ஏறும், காற்று மேலே சீறி வெளியேறும். வெறும் தண்ணீராக வந்ததும் மச்சான் திருகை மூடிவிட்டுக் குழாயில் இரண்டு முறை தட்டுவான். பிறகுதான் வால்வை முழுதாகத் திறக்கலாம். முந்திக்கொண்டால் தண்ணீர் காற்றைத் துரத்திப்போய்த் திருகைப் பிய்த்தெறியும். (சத்தம் கேட்க மச்சான் அதன் மேலேயே முகத்தை வைத்திருப்பான்.) அடித்தளத்தில் செல்போன் எடுக்காது.

3
செவிலி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, தண்ணி இல்லாம டயாலிசிஸுக்கு நாலு பேர் காத்திருக்காங்க. ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது."

"காத்து முழுசா போகணும்மா."

"அதுக்குள்ள அவருக்கு ஏதாவது—"

"மேல என் மச்சான் நிக்கிறான். நான் தினம் அவன் அக்கா கையால சாப்பிடணும்."

டங்.

அவர் கை வால்வுச் சக்கரத்தில். இரண்டாவது வரவில்லை.

"ஒரு தட்டுன்னா என்னன்னு நாங்க பேசிக்கவே இல்ல சார்" என்றார் என்னிடம். அங்கேதான் நிறுத்தினார்.

4
முடிவு: அவர் திறந்தார். மேலே—

இன்னொன்று: படியேறி ஓடினார். மச்சான் சொட்டச் சொட்ட நனைந்து சிரித்தான். "ஸ்பேனர் நழுவிடுச்சு மாமா. ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?" அவர் திரும்பிக் கீழே இறங்குவதற்குள் அந்தப் பெரியவர்—

5
ஒப்புக்கொள்கிறேன். "யாரோ வந்து கத்துனாங்க" என்று மட்டும்தான் பிளம்பர் சொன்னார். செவிலி நான் சேர்த்தவள். பெரியவரின் மூச்சும் நான் வைத்ததே. கதைக்கு அவசரம் வேண்டியிருந்தது.

பெரியவரைப் பற்றிய அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். பிளம்பர் நிதானமாகக் காத்திருப்பார், மச்சான் முழு முகத்தோடு இறங்கி வருவான். மூன்று நாளாகக் கை வரவில்லை. பிளம்பர் சொல்லாமல் விட்ட பாதியில் அப்படி ஒருவர் உண்மையிலேயே படுத்திருந்தால்?

உங்களுக்கு அவரைத் தெரியாது. நீங்கள் அடித்துப் பாருங்கள்.