நல்ல கைக்குக் கட்டு

ஆர்விட் லாஹ்தி நல்ல கைக்குத்தான் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்து, வலது மணிக்கட்டில் வெள்ளையாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தடிமனாகச் சுற்றினான். அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை. விரிசல் இருந்தது இடது கட்டைவிரலின் அடி எலும்பில். அந்தக் கை கட்டு எதுவும் இல்லாமல், ஊசி மருந்தில் மரத்து, மடிமேல் யாருடைய கையோ போலக் கிடந்தது.

பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகள் தொடங்கிவிட்டால் யாருக்கு எங்கே அடிபட்டது என்று ஐஸ் ஹாக்கியில் எந்த அணியும் வெளியே சொல்லாது. ‘உடம்பின் மேல்பாதியில் காயம்’ என்று உள்ளூர் செய்தித்தாளுக்கு ஒரு வரி கொடுப்பார்கள். இடம் தெரிந்துவிட்டால் எதிராளியின் மட்டைகள் அங்கேயே வந்து இறங்கும். அதில் வன்மம் ஒன்றும் கிடையாது. தொழில் அப்படி. அதனால்தான் இந்தப் பொய்க்கட்டு.

“என்ன லாட்ஸி, தாடி பாதிக்கு மேல நரைச்சிருச்சே. தோக்குற வரைக்கும் சவரம் பண்ணக் கூடாதுன்னா, நீ கிறிஸ்துமஸ் தாத்தாவாவே ரிட்டயர் ஆயிடுவ போல” என்றான் பக்கத்து இருக்கை கோல்கீப்பர். லாஹ்தி அணிக்குள் லாட்ஸிதான்.

“உனக்கு முளைச்சிருக்கறத தாடின்னு சொன்னா பூனை கோவிச்சுக்கும். போடா.”

சிரிப்பு அடங்கியதும் ஆர்விட் மீண்டும் போஸெக்கை நினைத்தான். இந்தத் தொடரில் எதிரணி எது என்று தெரிந்ததிலிருந்து நினைத்தது அவனை மட்டும்தான்.

ஜனவரியில் விரல் உடைந்தபோது இருவரும் ஒரே அணி. மரக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் ஒன்றாக இருந்தார்கள். கர்ட் போஸெக்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான், இறைச்சியை வெட்டிக் கொடுத்தான், ஆட்டம் முடிந்ததும் முட்டிபோட்டு ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துவிட்டான். “உன்னக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தக் கண்டேன்” என்று தினமும் புலம்புவான். பிப்ரவரியில் ஒரு மதியம் தொலைபேசி அழைப்பு வந்தது. போஸெக்கை விரிகுடாவுக்கு அந்தப் பக்கமிருந்த போர்ட் எல்லிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். இருட்டுவதற்குள் பையைக் கட்டிப் போய்விட்டான். அவனுடைய வாணலி மட்டும் அடுப்பிலேயே இருந்தது. இப்போது அரையிறுதியில் எதிரே நிற்பது அந்த அணிதான்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் கோச் ப்ரூயிட் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கை விஷயம் அவனுக்குத் தெரியும்ல?”

“தெரியும், கோச்.”

“அப்ப நீ வெளிய உக்காரு. நம்ம தற்காப்ப உன் விரல நம்பி விட முடியாது.”

வெளியே உட்காருவது என்றால் என்ன என்று ஆர்விட்டுக்குத் தெரியும். இந்த வசந்தத்தில் உட்கார்ந்துவிட்ட முப்பத்தாறு வயதுக்காரனை இலையுதிர் காலத்தில் எந்த அணியும் கூப்பிடாது. அதற்கப்புறம் மைத்துனனின் பனிவாரும் இயந்திரக் கடையில் வேலைக்கு நிற்பதுதான்.

“போஸெக் சொல்லமாட்டான்.”

“அவனுக்கும் குழந்தை குட்டி இருக்குப்பா.”

“சொல்லமாட்டான், கோச். சொல்லியிருக்கான்னு தெரிஞ்சா அன்னிக்கே உக்காந்துடறேன்.”

ப்ரூயிட் சரி என்பதுபோலக் கையை அசைத்தார்.

முதல் ஆட்டத்தில் முதல் அடி வலது கையில் விழுந்தது. அடுத்ததும் வலதில்தான். அவர்களுடைய முரட்டு இளைஞன் ஒருவன், டேலன் என்று பெயர், கடந்துபோகும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்து மட்டையை இறக்கினான். ஆர்விட் துடிப்பதுபோல நடித்தான். இரண்டு, மூன்று ஆட்டங்களுக்குப் பின் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கறுத்துப்போனது. பொய்க்கட்டு மெய்க்கட்டாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வோர் அடியிலும் அவனுக்குள் ஒரு விசித்திரமான சந்தோஷம் எழுந்தது. சொல்லவில்லை, போஸெக் சொல்லவில்லை. பிளேஆஃப் முடியும்வரை எதிரணி நண்பனோடு பேசுவது வழக்கமில்லை. போஸெக்கின் முகத்தை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த அடிகள்தான் அவர்களுக்கு நடுவே இருந்த பேச்சு. இரவுகளில் கையைப் பனிக்கட்டி வாளிக்குள் விட்டுக்கொண்டு, யாரோ தன்னை விசாரித்து எழுதிய கடிதத்தைப் படிப்பவனைப்போல அந்த வலியைத் திரும்பத் திரும்ப உணர்ந்துகொண்டிருப்பான்.

ஆளுக்கு மூன்று வெற்றி. தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் ஞாயிறு மதியம். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் போடுபவன் வென்றான். அந்த நேரத்தில் நடுவரின் விசில் தொண்டைக்குள் போய்விடும். ஆளைக் கொன்றால் ஒழிய ஊதமாட்டார்.

ரப்பர் வட்டு மூலைக்கு உருண்டது. ஆர்விட் முதலில் போய்ச் சேர்ந்தான். மட்டையை வட்டின்மேல் வைத்துத் திரும்பியபோது எதிரே போஸெக். இந்தத் தொடரில் முதன்முறையாக இருவருக்கும் நடுவே யாரும் இல்லை. போஸெக்கின் பார்வை வலது கையின் வெள்ளைக் கட்டில் நிற்கவில்லை. நேராக இடது கையுறைக்கு, அதிலும் கட்டைவிரலின் அடிக்கு வந்தது. ஜனவரியில் பொத்தான் போடும்போது வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே பார்ப்பானே, அதே பார்வை.

போஸெக்கின் மட்டை சிறிதாகத்தான் உயர்ந்து அங்கே இறங்கியது. யார் கண்ணுக்கும் தெரியாத அளவு.

ஊசி மருந்தையும் மீறி அந்தக் கை விழித்துக்கொண்டது. விரல்கள் தாமாகத் திறந்தன. மட்டை விழுந்தது. நிமிர்ந்தபோது போஸெக் வட்டோடு கோல் முகப்பில் இருந்தான். வலை குலுங்கியது. சொந்த ஊர் அரங்கம் மொத்தமும் ஒரே மூச்சில் ஊமையானது. போஸெக்கின் மேல் அவனுடைய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து குவிந்தார்கள்.

வழக்கப்படி இரு அணிகளும் வரிசையாக நின்று கை குலுக்கின. ஆர்விட் வலது கையுறையைக் கழற்றிவிட்டு நகர்ந்தான். வரிசையில் போஸெக் வந்தான்.

“லாட்ஸி...”

“பின்னாடி ஆள் நிக்குது. நகரு.”

போஸெக் நகரவில்லை. கட்டுப்போட்ட வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்து, உடைந்த பொருளை ஏந்துவதுபோல மெல்லப் பிடித்தான். பின்னால் நின்ற டேலன் எட்டிப்பார்த்துச் சொன்னான்:

“அந்தக் கைய டாக்டர்கிட்ட காட்டுங்க, அண்ணே. நான்தான் அத ஒருவழி பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

ஆர்விட் போஸெக்கைப் பார்த்தான். அவன் டேலனைத் திருத்தவில்லை. இத்தனை நாளும் இடது கை விஷயத்தைத் தன் ஆட்களிடம் மறைத்திருக்கிறான். இப்போதும் மறைக்கிறான். அந்த ரகசியத்தை யாருக்கும் தராமல் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். அவன் கண்கள் சிவந்திருந்தன. வியர்வையா என்று தெரியவில்லை.

“மனசுல ஒண்ணும் இல்ல, தம்பி” என்றான் ஆர்விட், டேலனிடம்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் குனிந்து ஸ்கேட் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி முன்னால் ஒருவன் சவரம் செய்யத் தொடங்கியிருந்தான். ப்ரூயிட் வாசலில் ஒருகணம் நின்று, ஆர்விட்டின் இரு கைகளையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சுவருக்கு அப்பால் பனியைச் சமன் செய்யும் வண்டி, மூலை முடுக்கெல்லாம் கோடு தெரியாமல் வழித்துக்கொண்டு சுற்றுவது கேட்டது.

ஆர்விட் குனிந்து ஸ்கேட் கயிற்றைத் தொட்டான். இடது கை மூடவில்லை. வலது கை வளையவில்லை. நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. யாரையும் கூப்பிடாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்கேட்டின் தகடுகளில் ஒட்டியிருந்த பனித்தூள் உருகி, கறுப்பு ரப்பர் விரிப்பின்மேல், எதிரே ஒருவன் முட்டிபோட்டு உட்காரும் இடத்தை நோக்கி மெதுவாகப் பரவியது.